பிஎஃப்டியில் சிவப்புக் குறி இல்லை என்றால் எல்லாம் சரியா?

கேள்வி இதுதான்: வட்ட முள் கருவிகள் உள்ள பழைய செஸ்னாவில் 40 மணி நேரம் பறந்த ஒருவர், மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில், கருவிகளுக்குப் பதில் திரைகள் கொண்ட கார்மின் ஜி1000 பொருத்திய செஸ்னா 172எஸ்ஸுக்கு மாறுகிறார். பிரைமரி ஃபிளைட் டிஸ்ப்ளே, அதாவது பிஎஃப்டி திரையில் ஒரே நேரத்தில் இத்தனை எண்கள் தெரிகின்றனவே, எதை எப்போது பார்ப்பது? ஏதாவது பழுதானால் அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழும் என்கிறார்கள். அது விழாத வரை காட்டுவதை எல்லாம் நம்பலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: நம்ப முடியாது. தகவல் வந்து சேரவில்லை, அல்லது அதை அனுப்பும் பெட்டி பழுது என்று தெரிந்தால்தான் சிவப்புக் குறி விழும். பெட்டி நன்றாக இருந்து, அதற்குள் போகும் காற்று தவறானால் குறி விழாது. நீங்கள் திருகிய எண் தவறானாலும் விழாது. இந்த இரண்டு வகைத் தவறும் பளிச்சென்ற, நடுக்கமில்லாத, அழகான எண்ணாகத்தான் திரையில் வந்து நிற்கும். ஆகவே பிஎஃப்டியைக் கற்றுக்கொள்ளும்போது எந்த எண் எந்த இடம் என்பதோடு நிறுத்தாமல், எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

திரை ஒன்றுதான் என்றாலும் அதை நிரப்புவது பல கைகள். நடுவில் உள்ள நீலமும் பழுப்புமான அடிவானம், விமானத்தின் சாய்வையும் திசையையும் கணிக்கும் ஏஹெச்ஆர்எஸ் என்ற பெட்டியிலிருந்து வருகிறது. சுழலும் சக்கரம் எதுவும் அதில் கிடையாது, திண்மநிலை உணரிகள்தாம். இடப்பக்க வேகப்பட்டை, வலப்பக்க உயரப்பட்டை, அதை ஒட்டிய ஏற்ற இறக்க வேகம், கீழ்மூலையில் வெளி வெப்பநிலை, வேகப்பட்டைக்கு அடியில் உண்மை வேகம் எல்லாம் ஏர் டேட்டா கம்ப்யூட்டர் தருபவை. அதற்குத் தீனி எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாயும், சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளையும், வெப்ப உணரியும். கீழே உள்ள திசை வட்டம், அதாவது ஹெச்எஸ்ஐ, இறக்கையில் இருக்கும் காந்த உணரியிடமிருந்து திசையை வாங்குகிறது. அதன்மேல் படுக்கும் பாதைக் கோடு ஜிபிஎஸ்ஸிலிருந்தோ வானொலி வழிகாட்டியிலிருந்தோ வருகிறது. வட்ட முள் விமானத்தில் ஆறு கருவிகள் தனித்தனித் துளைகளில் உட்கார்ந்திருந்ததால் இந்தப் பிரிவு கண்ணிலேயே தெரிந்தது. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி. பிரித்துப் பார்க்கும் வேலை உங்கள் தலைக்கு வந்துவிட்டது.

எதைப் பார்ப்பது என்றால், வெளியே அடிவானம் தெரியும் வரை வெளியேதான். திரைக்கு ஓரிரண்டு விநாடி போதும். வெளியே தெரியாதபோது நடுவில் உள்ள செயற்கை அடிவானம்தான் வீடு. மற்ற எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே திரும்ப வேண்டும். மலாக்கா நீரிணைக்கு மேல் புகைமூட்டக் காலத்தில் பறந்தால் இது உடனே புரியும். சட்டப்படி தேவையான 5 கிலோமீட்டர் பார்வைத் தூரம் இருக்கும். கீழே கப்பல்கூடத் தெரியும். ஆனால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து, அடிவானம் எங்கே என்று சொல்ல முடியாது. காகிதத்தில் அது கண்ணால் பறக்கும் நாள்தான். உண்மையில் பாதிக் கருவிப் பறத்தல்.

அந்த அடிவானத்தில் மூக்கின் கோணத்தைக் காட்டும் கோடுகள் 10 டிகிரிக்கு ஒரு நீளக் கோடு, 5 டிகிரிக்கு நடுத்தரக் கோடு, 2.5 டிகிரிக்குச் சிறு கோடு என்று இருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு கோடு கோடாகத் திருத்துவது. கணக்கைப் பாருங்கள். 120 நாட் வேகத்தில் மூக்கு ஒரே ஒரு டிகிரி மாறினால் ஏற்றமோ இறக்கமோ நிமிடத்துக்கு 200 அடிக்குச் சற்று மேல் மாறும். ஒரு சிறு கோட்டின் அளவு, 2.5 டிகிரி, மாற்றினால் நிமிடத்துக்கு 500 அடி. நீங்கள் 40 அடி தவறியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதற்குத் தேவையான திருத்தம் சிறு கோட்டின் பாதி இடைவெளிகூட இல்லை. மஞ்சள் குறியின் முனை அடிவானக் கோட்டை விட்டு ஒரு முடியளவு நகர்ந்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் அடுத்த அரை நிமிடம் மேலும் கீழுமாக ஊஞ்சல்தான்.

அடிவானத்தின் மேல் சாய்வு அளவுகோலில் முக்கோணத்துக்குக் கீழே ஒரு சிறு பட்டை இருக்கிறதே, அதுதான் விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் பழைய குண்டு. பட்டை முக்கோணத்தை விட்டு ஒரு பட்டை அகலம் விலகினால் குண்டு ஒரு குண்டு அகலம் விலகியதற்குச் சமம். விலகிய பக்கத்து ரடர் பெடலை மிதிக்க வேண்டும். வட்டக் கருவியிலிருந்து வருபவர்கள் குண்டைக் கீழே தேடிவிட்டு, கிடைக்காததால் அதை மறந்தே போகிறார்கள். புறப்பட்டு ஏறும்போது வலது காலைத் தளர்த்திவிட்டு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

வேகப்பட்டைக்கு வருவோம். 172எஸ்ஸில் வெள்ளை 40 முதல் 85 நாட், பச்சை 48 முதல் 129, மஞ்சள் 129 முதல் 163, அங்கே சிவப்பு. இவை பழைய வட்டத்தில் இருந்த அதே நிறங்கள்தான், நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவே. இழந்தது ஒன்று உண்டு: வட்டத்தில் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஓரக்கண்ணாலேயே உணரலாம், பட்டையில் எண்ணைப் படித்தாக வேண்டும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பட்டையின் ஓரத்தில் ஊதாச்சிவப்புக் கோடு ஒன்று வளர்கிறது, மெஜந்தா நிறம். இப்போதைய போக்கு நீடித்தால் 6 விநாடியில் வேகம் எங்கே போய் நிற்கும் என்பதை அதன் நுனி காட்டும்.

இறங்குபாதையில் இதன் அருமை தெரியும். வேகப்பட்டையின் எண் ஜன்னலில் 65 என்று இருக்கிறது, சரியான எண். ஆனால் கோட்டின் நுனி கீழே 59-ஐத் தொடுகிறது. விநாடிக்கு ஒரு நாட் வீதம் வேகம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண் 60-க்கு இறங்கிய பிறகு திராட்டிலைத் தேடுவதை விட இப்போதே கொஞ்சம் விசை கூட்டுவது மேல். அதேசமயம் காற்று குலுக்கும் மதிய நேரத்தில் அந்தக் கோடு தவளை மாதிரிக் குதிக்கும். குதிப்பை எல்லாம் துரத்தக் கூடாது. இரண்டு மூன்று விநாடி ஒரே பக்கம் நின்றால்தான் அது செய்தி.

மாமாக் கடையில் பந்தாட்டம் ஓடும்போது திரையின் மூலையில் உள்ள ஸ்கோரையே பார்த்துக்கொண்டிருப்பவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பிஎஃப்டியில் எண் ஜன்னலை மட்டும் பார்ப்பதும் அதே ரகம்.

உண்மை வேகப் பெட்டியைப் பலர் கண்டுகொள்வதில்லை. நம் ஊர் வெப்பத்தில் அதற்கு வேலை உண்டு. சுபாங்கில் பிற்பகல் 33 டிகிரி என்றால் கடல்மட்டத்துக்குச் சர்வதேசத் தரம் வைத்திருக்கும் 15 டிகிரியைவிட 18 கூடுதல். 90 அடி உயரமே உள்ள ஓடுதளம், அடர்த்திக் கணக்கில் ஏறத்தாழ 2,300 அடியில் இருப்பது போல் நடந்துகொள்ளும். 4,000 அடியில் வேகப்பட்டை 110 காட்டினால் உண்மை வேகம் சுமார் 120. நிமிடத்துக்கு 180 டிகிரி திரும்பும் சீரான திருப்பத்துக்குச் சாய்வு எவ்வளவு என்று மனக்கணக்குப் போட, உண்மை வேகத்தைப் பத்தால் வகுத்து ஏழைக் கூட்டுங்கள்: 12-உம் 7-உம், 19 டிகிரி. சரியாக வந்ததா என்பதை ஹெச்எஸ்ஐ வட்டத்தின் மேலே வளரும் மெஜந்தா வில் சொல்லிவிடும். அது 18 டிகிரிக் குறியைத் தொட்டால் சீரான திருப்பம், 9-ஐத் தொட்டால் அதில் பாதி.

இனி உயரம். இந்தப் பதிலில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள், ஏனென்றால் இங்கே தவறு நம் விரலில்தான் பிறக்கிறது.

திரையின் வலப்பக்கம், சிஆர்எஸ்/பாரோ என்று எழுதிய இரட்டைக் குமிழ் ஒன்று. வெளியே உள்ள பெரிய வளையம் அழுத்தத்துக்கு, உள்ளே உள்ள சிறியது பாதைக் கோணத்துக்கு. அவசரத்தில் சிறியதைத் திருகிவிட்டால் கியூஎன்ஹெச், அதாவது கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்ட வைக்கும் அழுத்த எண், அப்படியே இருக்கும், பாதைக் கோடு மட்டும் எங்கோ சுழன்று நிற்கும். திருகிய பிறகு எண் மாறியதா என்று ஒருமுறை பார்த்தால் தீர்ந்தது, பார்க்காதவர்கள்தான் அதிகம்.

அடுத்து அலகு. அமெரிக்காவில் தயாரான விமானம் ஆதலால் திரை 29.92 என்று அங்குலக் கணக்கில் எழுந்திருக்கும். கோபுரம் தருவதோ ஹெக்டோபாஸ்கலில்: கியூஎன்ஹெச் 1009. மனத்தில் மாற்றினால் 29.80 வரும். ஆனால் மாற்றாதீர்கள், விமானத்தில் மனக்கணக்குக்கு வேறு வேலை இருக்கிறது. பிஎஃப்டி என்ற மென்பொத்தானை அழுத்தி, உள்ளே உயர அலகுப் பக்கத்தில் ஹெக்டோபாஸ்கலைத் தேர்ந்தால் போதும். அதைப் புறப்படும் முன் சரிபார்க்கும் பட்டியலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முன் பறந்தவர் எதில் விட்டுச் சென்றார் என்று தெரியாது.

ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் உயரம் ஏறத்தாழ 27 அடி தவறும். மேற்கத்தியப் பாடநூல்கள் புயலும் குளிர்முகப்பும் வரும்போதுதான் அழுத்தம் மாறும் என்பது போல எழுதும். நம் ஊரில் புயல் வேண்டாம், கடிகாரம் போதும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் காற்றழுத்தம் கடல் அலை போல ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு வாக்கில் அடி, மறுபடி இரவு பத்தில் உச்சம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல்.

இதைச் சுபாங்கில் நடத்திப் பார்ப்போம். காலை பத்துக்கு 1012 வைத்துப் பறந்துவிட்டு விமானத்தை நிறுத்துகிறீர்கள். மாலை நான்கு மணிக்கு மறுபடி ஏறி அமர்கிறீர்கள். வானம் காலையில் இருந்தது போலவே வெளுப்பு, காற்றும் அதே. அழுத்தம் மட்டும் 1008 ஆகிவிட்டது. குமிழைத் தொடாவிட்டால் உயரப்பட்டை உண்மையைவிட சுமார் 110 அடி கூடுதலாகக் காட்டும். 1,000 அடியில் சுற்றுகிறோம் என்று நினைத்தால் 890-இல் சுற்றுகிறோம். நூறடி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். தாழ்ந்த மேகத்துக்கும் ஷா ஆலம் பக்கத்துக் கோபுரங்களுக்கும் இடையில் பறக்கும் மாலையில் நூறடி பெரிய விஷயம்தான். இந்தத் தவறுக்குச் சிவப்புக் குறி கிடையாது, மஞ்சள் எச்சரிக்கை கிடையாது, ஒலியும் கிடையாது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: எஞ்சினை இயக்கிக் கியூஎன்ஹெச் வைத்தவுடன் உயரப்பட்டை நிலையத்தின் உயரத்தைக் காட்ட வேண்டும். சுபாங் என்றால் 90 அடியை ஒட்டி, பினாங்கு என்றால் கடல்மட்டத்துக்குப் பத்துப் பதினைந்து அடி மேலே. 200 என்று இருந்தால் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

இன்னொரு சிக்கல்: அழுத்தத்தை வைக்க வேண்டிய இடம் ஒன்றல்ல. கீழே மாற்றுக் கருவியாக இருக்கும் சிறு வட்ட உயரமானிக்குத் தனிக் குமிழ். பழைய 172எஸ்களில் கேஏபி 140 தன்னோட்டி (ஆட்டோபைலட்) இருந்தால் அதற்குள் இன்னொன்று. பிஎஃப்டியில் 1008, தன்னோட்டியில் 1012 என்று இருந்தால், தன்னோட்டி 3,000 அடி பிடிக்கிறேன் என்று உண்மையில் 2,890-இல் போய் நிற்கும், பிஎஃப்டி 2,890 என்று சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும். மாணவரோ தன்னோட்டி கெட்டுவிட்டது என்று புகார் எழுதுவார். ஜிஎஃப்சி 700 தன்னோட்டி உள்ள விமானத்தில் இந்தத் தொல்லை இல்லை, அது பிஎஃப்டி எண்ணையே எடுத்துக்கொள்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. வெப்பம் நமக்குச் சாதகம். தரநிலையைவிட 15 டிகிரி சூடான காற்றில், 3,000 அடி காட்டும்போது உண்மையில் நூற்றைம்பது அடிக்கு மேல் கூடுதல் உயரத்தில் இருப்போம். குளிர் நாட்டு விமானிகளுக்கு இது தலைகீழ். ஆனால் அழுத்தத் தவறை வெப்பம் சரிக்கட்டிவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். தரையை நெருங்க நெருங்க வெப்பத்தின் பங்கு சுருங்கும். குமிழ்த் தவறு அப்படியே 110 அடியாக நிற்கும்.

உயரத்தைத் தேர்ந்து வைக்கும் நீலக் குறியைப் பற்றிச் சுருக்கமாக: இலக்குக்கு 1,000 அடி இருக்கும்போது மேலே உள்ள பெட்டி மின்னும், 200 அடியில் மறுபடி மின்னும், பிடித்த பிறகு 200 அடி விலகினால் மஞ்சளாகும். தன்னோட்டி இல்லாமல் கையால் பறந்தாலும் இதை வைத்துப் பழகுங்கள். இலவசத் துணை விமானி.

நிறங்களுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. மெஜந்தா என்றால் ஜிபிஎஸ், பச்சை என்றால் தரை வானொலி, அதாவது வழிகாட்டும் விஓஆர் நிலையம் அல்லது ஓடுபாதையின் நடுவைக் காட்டும் லோகலைசர். இளநீலம் நீங்கள் தேர்ந்தது. ஹெச்எஸ்ஐயில் இதைத் தவறவிட்டால் தண்டனை உண்டு. பினாங்கில் 04 ஓடுபாதைக்கு ஐஎல்எஸ், அதாவது தரை வானொலி வழிகாட்டும் இறங்குமுறை, வழியில் இறங்குகிறீர்கள். அலைவரிசை சரி, அடையாள ஒலியும் கேட்டாயிற்று, கோடு நடுவில் நிற்கிறது. ஆனால் கோடு மெஜந்தா. அது ஜிபிஎஸ் வரைந்த பாதையே தவிர லோகலைசர் இல்லை. பாதைக் கோட்டின் மூலத்தை மாற்றும் சிடிஐ என்ற மென்பொத்தானை அழுத்திப் பச்சையாக்கும் வரை நீங்கள் ஐஎல்எஸ்ஸில் பறக்கவில்லை. "கோடு நடுவில்" என்று வாய்விட்டுச் சொல்லும்போது "பச்சைக் கோடு நடுவில்" என்று நிறத்தையும் சேர்த்துச் சொல்லப் பழகினால் இந்தத் தவறு தானாகவே போகும்.

திசைக்கு ஒரு சோதனை: ஓடுபாதையின் நடுக்கோட்டில் நின்றதும் ஹெச்எஸ்ஐ சுபாங் 15-இல் 150-ஐ ஒட்டியும் பினாங்கு 04-இல் 40-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட், எண்ணெய் லாரி, ஹேங்கரின் தகரக் கதவு இவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி எழுப்பினால் காந்த உணரி குழம்பும்; டாக்ஸி செய்து விலகியதும் பொதுவாகத் தெளியும். தெளியாவிட்டால் புறப்படாதீர்கள். மேலே தொங்கும் பழைய திரவத் திசைகாட்டியோடு ஒப்பிடுவதும் நம் ஊரில் மற்ற இடங்களைவிட நம்பகமானது. மலேசியா காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஊசி கீழ்நோக்கி இழுபடுவது குறைவு. ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் திருப்பப் பிழைகள் இங்கே சிறியவை. அதே கோடு தமிழ்நாட்டின் தென்முனைக்கு அருகிலும் போகிறது. 1963-இல் இந்தியா தன் முதல் ராக்கெட் தளத்தைத் தும்பாவில் வைத்ததற்கு அந்தக் கோடுதான் காரணம்.

இப்போது காற்று தவறாகப் போகும் கதை. நாம் பறக்கும் உயரத்தில் பனிக்கட்டி பிட்டோவை அடைப்பது அரிது. நம் வானில் உறைநிலை 15,000 அடிக்கு மேல்தான். நம் எதிரி குளவி. நிறுத்தி வைத்த விமானத்தின் பிட்டோ குழாய், மண் கூடு கட்டும் குளவிக்கு அளவெடுத்துச் செய்த வீடு. உறை போடாமல் ஒரு பிற்பகல் விட்டாலே போதும். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவில் பர்ஜன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்ததற்கு அடைபட்ட பிட்டோவே தொடக்கம், அதை அடைத்தது பெரும்பாலும் குளவிக்கூடு என்று விசாரணை கருதியது. உறை போட்டால் மட்டும் போதாது, கழற்றவும் வேண்டும். 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்ஹெச் 134, குளவிக்குப் பயந்து போட்ட உறைகள் மூன்று பிட்டோவிலும் அப்படியே இருக்க மேலெழும்பி, வேகம் தெரியாமலே சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது.

பிட்டோவில் காற்று நுழையும் வாய் மட்டும் அடைபட்டு, நீர் வடியும் சிறு துளை திறந்திருந்தால் வேகம் சரிந்து பூஜ்யத்துக்குப் போகும். இது நல்ல பழுது, உடனே தெரிந்துவிடும். இரண்டும் அடைபட்டால்தான் ஆபத்து. உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தம் மாறாது, நீங்கள் ஏற ஏற வெளி அழுத்தம் குறையும், வித்தியாசம் கூடும், அதை வேகம் என்று கம்ப்யூட்டர் படிக்கும். 70 நாட்டில் அடைபட்டு, வெறும் 200 அடி ஏறினால் பட்டை ஏறத்தாழ 95 காட்டும். 1,000 அடி ஏறினால் 160-ஐத் தாண்டி, சிவப்பு எல்லைக்குப் போய்விடும். ஏறும் விமானத்தில் இது ஒன்றரை நிமிடக் கதை. வேகம் ஏறுகிறதே என்று மூக்கைத் தூக்குவார் விமானி. உண்மை வேகம் சரிந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். திரையில் கடைசி வரை எண்கள் சுத்தமாக இருக்கும். சிவப்புக் குறி விழாது, ஏனென்றால் கம்ப்யூட்டர் நலமாகத்தான் இருக்கிறது.

இங்கே இன்னொரு கண்ணி. சரி, கீழே உள்ள மாற்று வேகமானியைப் பார்க்கலாமே என்று தோன்றும். 172எஸ்ஸில் அந்த வேகமானியும் மாற்று உயரமானியும் இதே பிட்டோவிலிருந்தும் இதே ஸ்டாட்டிக் துளையிலிருந்தும்தான் காற்றை வாங்குகின்றன. இரண்டு கருவி ஒரே எண்ணைக் காட்டுவது சாட்சி ஆகாது. ஒரே பொய்யை இரண்டு வாய் சொல்கிறது. உண்மையான சாட்சிகள் வேறு இரண்டு. ஒன்று, மூக்கின் கோணமும் எஞ்சின் விசையும் சேர்ந்தால் வேகம் இன்னது என்று நீங்கள் முன்பே அறிந்து வைத்திருப்பது: முழு விசை, மூக்கு எட்டு டிகிரி சுற்றுவட்டாரத்தில் மேலே என்றால் எழுபதுகளில்தான் இருக்க வேண்டும், 120 வர வழியே இல்லை. உங்கள் விமானத்தில் அந்த எண்கள் சரியாக எவ்வளவு என்பதை நல்ல நாளில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, வலப்பக்க எம்எஃப்டி திரையின் மேல்பட்டையில் ஜிபிஎஸ் தரும் தரைவேகம். அது காற்றைச் சேர்த்த வேகம்தான், ஆனாலும் 70-ஐயும் 160-ஐயும் பிரித்துக் காட்டப் போதும்.

ஸ்டாட்டிக் துளை அடைபட்டால் உயரம் உறைந்து நிற்கும், ஏற்ற இறக்கம் பூஜ்யம், ஏறும்போது வேகம் குறைவாகவும் இறங்கும்போது கூடுதலாகவும் காட்டும். விமானத்தைக் கழுவும்போது ஒட்டிய டேப்பை எடுக்க மறப்பதே வழக்கமான காரணம். முன்னுடலின் இடப்பக்கம் அந்தத் துளையை விரலால் தொடாமல் கண்ணால் பாருங்கள். மாற்று ஸ்டாட்டிக் வால்வைத் திறந்தால் அறைக்குள் உள்ள காற்றை எடுக்கும். அதன் அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால் உயரமும் வேகமும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். கையேட்டில் திருத்த அட்டவணை இருக்கிறது.

சிவப்புக் குறி விழும் பழுதுகள் இவற்றோடு ஒப்பிட்டால் நேர்மையானவை. எந்தெந்த இடத்தில் விழுகிறது என்பதே எந்தப் பெட்டி என்று சொல்லிவிடும். வேகம், உயரம், ஏற்ற இறக்கம் மூன்றிலும் ஒன்றாக விழுந்தால் ஏர் டேட்டா கம்ப்யூட்டர். இப்போது கீழே உள்ள மாற்று வேகமானியும் உயரமானியும் நம்பத் தகுந்தவை, ஏனென்றால் குழாயில் பழுதில்லை. அடிவானமும் திசையும் சேர்ந்து போனால் ஏஹெச்ஆர்எஸ். வெற்றிட பம்பில் ஓடும் மாற்று அடிவானம் தனி வழி என்பதால் அதற்குப் போங்கள். திசை மட்டும் போனால் காந்த உணரி. திரையே இருண்டால் ஆடியோ பேனலின் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த, பிஎஃப்டி படம் எஞ்சின் அளவீடுகளோடு சேர்ந்து மற்றத் திரைக்கு வந்துவிடும். அழுத்துவதற்கு முன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடியோடு தலையைச் சாய்த்தால் நலமான திரையும் இருண்டுதான் தெரியும்.

மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் போனால் முதலில் பிரதான பேட்டரி, அதன்பின் மாற்று பேட்டரி ஏறத்தாழ 30 நிமிடம் பிஎஃப்டியைத் தாங்கும். அதுவும் எஞ்சின் இயக்கும் முன் அதன் சோதனை விளக்கு 20 விநாடி பச்சையாக நின்றிருந்தால்தான். பத்தாவது விநாடியில் கையை எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று டிக் அடிப்பதை அடிக்கடி காணலாம்.

சிந்தெடிக் விஷன் உள்ள விமானம் கிடைத்தால் திரையில் மலையும் கடலும் படமாகத் தெரியும். அதில் உண்மையாகவே பயன்படுவது பச்சை வட்டக் குறி, விமானம் எங்கே போய்ச் சேரப் போகிறது என்பதைக் காட்டும். மூக்கு வேறு, போகும் இடம் வேறு என்பது பக்கக்காற்றில் பளிச்சென்று புரியும். கட்டடங்களுக்கு அந்தப் படத்தை நம்பாதீர்கள். தடைகள் பற்றிய தரவுக் கோப்பு எவ்வளவு புதியதோ அவ்வளவுதான் படமும். 678.9 மீட்டர், அதாவது 2,227 அடி உயரமுள்ள கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரம், அதற்கு முன் தயாரான கோப்பில் காலி வானம்.

பயிற்சிக்கு: பறக்காத நாளில், வெளி மின்சாரம் இணைத்து, நிழலில் நிறுத்திய விமானத்தில் உட்கார்ந்து திரையை எழுப்புங்கள். ஏஹெச்ஆர்எஸ் ஒரு நிமிடத்துக்குள் நிமிரும். நிமிரும் வரை எந்தெந்தக் குறி எந்த வரிசையில் விலகுகிறது என்று பாருங்கள். பிரிந்து கிடக்கும் பெட்டிகள் அப்போது கண்ணுக்கே தெரியும். குமிழ்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் கண்டுபிடியுங்கள், குறிப்பாக அந்த இரட்டைக் குமிழை. பிறகு பயிற்றுநரோடு பறக்கும்போது அவரைப் பிஎஃப்டியின் வெளிச்சத்தை முழுதாகக் குறைக்கச் சொல்லி, மாற்றுக் கருவிகளை வைத்து ஒரு திருப்பமும் ஒரு இறக்கமும் செய்யுங்கள். மின்சுற்றைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துப் பழுது உண்டாக்க வேண்டாம். அவை சுவிட்சாகப் பயன்படுத்தச் செய்யப்பட்டவை அல்ல. அந்த இறக்கத்துக்கு ஒரு கணக்கு: தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் 3 டிகிரிப் பாதைக்கான இறங்கு வேகம் கிடைக்கும். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி.